எக்ஸ்சேஞ்சா, போன் வாலட்டா, ஹார்ட்வேர் வாலட்டா?

கிரிப்டோ வேணுமா வேண்டாமா என்ற வழக்கை விடுவோம். இது சட்டபூர்வ நாணயம் இல்லை என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை எச்சரித்துவிட்டது. வங்கி அட்டையால் வாங்கவும் அனுமதி இல்லை. ஆனாலும் வெளிநாட்டு வேலைக்குச் சம்பளமாக, டொலர் மதிப்பை ஒட்டிய டெதர் என்ற காயினை வாங்கும் பெடியள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். வந்த காசைக் கள்ளரிடமிருந்து எங்கே காப்பது? நான் ஹார்ட்வேர் வாலட் பக்கம், அதாவது காசை அனுப்பத் தேவையான ரகசியச் சாவியைப் போனுக்கு வெளியே வைத்திருக்கும் சின்னக் கருவி. அதை ஒளிக்கப் போவதில்லை.

காயினை வாங்கி விற்று அங்கேயே வைத்திருக்கவும் விடும் தளமான எக்ஸ்சேஞ்ச் சுகமானது. பாஸ்வேர்ட் மறந்தால் அடையாள அட்டையைக் காட்டி மீட்கலாம். ஆனால் சாவி அவர்கள் கையில். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்கு 2019இல் மூடப்பட்ட குவாட்ரிகாசிஎக்ஸும் நினைவிருக்கும். முதலாளி இறந்த பிறகு பார்த்தால் வாடிக்கையாளர் காசு எப்போதோ போய்விட்டது.

போன் வாலட் இலவசம், அவ்வளவுதான். எதையாவது ‘அப்ரூவ்’ பண்ணச் சொல்லும் இணைப்பும், நகலெடுத்த முகவரியை மாற்றிவிடும் வைரஸும் அதே போனுக்குள்தான் வரும்.

ஹார்ட்வேர் வாலட்டில் அனுப்ப வேண்டுமென்றால் அலுமாரியைத் திறந்து, கருவியை எடுத்து, பின் நம்பர் அடித்து, அதன் சின்னத் திரையில் முகவரியைச் சரிபார்த்துப் பொத்தானை அமர்த்த வேண்டும். அந்த அலுப்புத்தான் எனக்குப் பிடித்தது. டெலிகிராமில் ‘இப்பவே அனுப்புங்கோ’ என்று அவசரப்படுத்துகிறவனுக்கு அந்த ஐந்து நிமிடமே எதிரி. ஆனால் நீங்களே விரும்பிப் போலித் தளத்துக்கு அனுப்பினால் எந்தக் கருவியும் தடுக்காது. லாபத்தை எடுக்க முதல் ‘வரி’ கட்டு என்று கேட்கும் தளம் எல்லாம் அந்த வகைதான்.

விலையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது, சாவியை மீட்கக் கருவி முதலில் தரும் அந்த 24 சொற்கள். கருவி உடைந்தால் புதிது வாங்கலாம். சொற்களும் போனால் காசு போனது. அவை வேறொருவன் கையில் கிடைத்தாலும் அப்படித்தான், பின் நம்பர்கூட அவனுக்குத் தேவையில்லை. கடதாசியில் எழுதினால் எங்கட வீடுகளில் கரையானும் மாரி ஈரமும் விடாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைப்பது, படலையைத் திறந்துவிட்டுக் கோயிலுக்குப் போவது மாதிரி.

நான் துருப்பிடிக்காத இரும்புத் தகட்டில் பொறித்தேன். கடையில் கொடுத்துப் பொறிப்பிக்காதீர்கள், பொறிக்கிறவர் வாசித்துவிடுவார். இரும்புக் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் கிடைக்கும். சொல்லை முழுக்க அடிக்கத் தேவையில்லை. இந்தச் சொற்கள் எடுக்கப்படும் ஆங்கிலப் பட்டியலில் உள்ள 2048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்தும் ஒன்றாக வராது. நான்கு போதும். சுத்தியல் சத்தத்துக்கு அயலட்டை எட்டிப் பார்த்தது வேறு கதை.

“தம்பி, நீ இல்லாட்டி இதை ஆர் திறக்கிறது?” என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. தகடு இருக்கிற இடம் அக்காவுக்கு மட்டும் தெரியும். கூடுதல் ரகசியச் சொல் ஒன்று சேர்க்கும் வசதியும் உண்டு, அதை நான் பாவிக்கவில்லை. மறந்தால் அக்காவாலும் எடுக்க முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் சேர்ந்தால்தான் அனுப்ப விடும் மல்டிசிக்கைப் பாவித்துப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கருவியைப் பழையதாக வாங்க வேண்டாம். சொற்கள் ஏற்கெனவே எழுதிய அட்டையோடு வந்தால் அது பொறி. ஹார்ட்வேர் வாலட் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விபரங்கள் 2020இல் கசிந்த பிறகு, சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது. தயாரிப்பாளரிடம் நேரே வாங்கி, வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தத்திடம் கொடுத்துவிடச் சொல்வதே வசதி.

மாதச் செலவுக்கு மாற்றுகிற கொஞ்சத்தை எக்ஸ்சேஞ்சில்தான் விட்டிருக்கிறேன். பீடுபியில், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியாக இன்னொரு ஆளுக்கு நேரே விற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காசு போடுகிற வங்கிக் கணக்கின் பெயரும் எக்ஸ்சேஞ்சில் காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பெயரில் வந்தால் காயினை விடுவிக்காமல் முறைப்பாடு போடுங்கள். களவுக் காசு உங்கள் கணக்கில் ஏறினால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு.