“உங்க மேப் லிஸ்டிங் எக்ஸ்பயர் ஆகுது சார்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்

கோவையில் கிரைண்டர், மிக்ஸி விற்று, பழுதும் பார்க்கும் சின்னக் கடை எங்களுடையது. அப்பா காலத்தில் காந்திபுரம் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. 2022-ல் வாடகை கட்டுப்படியாகாமல் கணபதிக்கு மாறினோம். போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஊரே முறுக்கு மாவுக்காக மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு அலைகிற நேரத்தில், கூகுள் மேப்பிலிருந்து எங்கள் கடை காணாமல் போனது. எட்டு வருடமாகச் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் விமர்சனங்களும் கூடவே போயின. அப்படிக் காணாமல் போவதற்கு 15,000 ரூபாய் நானே கொடுத்திருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

கதை ஜூன் மாதம் தொடங்கியது. “சார், கூகுள் மை பிசினஸ் டீம்ல இருந்து பேசறோம். உங்க லிஸ்டிங் இந்த மாசத்தோட எக்ஸ்பயர் ஆகுது” என்றான் ஒரு பையன். கூகுளில் கடையைப் பதிவது இலவசம். அதற்குக் காலாவதி என்று எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, அந்தச் சேவையின் பெயரே 2021 நவம்பரில் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ என்று மாறிவிட்டது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று நான் ஒரு டில்டிங் கிரைண்டரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே பேசினேன்.

நான் விழுந்தது அந்தப் போனில் இல்லை. மறுநாள் வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய ரிப்போர்ட்டில். “உங்க நேப் சரியில்லை சார்” என்றான். பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் சேர்த்து இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘நேப்’ என்கிறார்கள். அது எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லாவிட்டால் கூகுள் கடையை முடக்கிவிடும் என்று பயமுறுத்தினான். சிவப்புக் கோடு போட்டு அவன் காட்டியது எதுவும் பொய்யில்லை. கடை விவரங்களைத் தொகுத்துப் போடும் ஜஸ்ட்டயல் தளத்தில் காந்திபுரம் முகவரி அப்படியே கிடந்தது. சுலேகாவில் அப்பாவின் பழைய லேண்ட்லைன், 0422 போட்டு. கடைப்பெயர் சாமி பெயர். தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஆனால் ‘ஸ்ரீ’யை ஆங்கிலத்தில் பலகையில் எஸ்-ஆர்-ஐ என்றும், ஜிஎஸ்டி சான்றிதழில் எஸ்-ஹெச்-ஆர்-ஐ என்றும், ஃபேஸ்புக்கில் எஸ்-ஹெச்-ஆர்-டபுள் ஈ என்றும் எழுதி வைத்திருக்கிறோம். கதவு எண் இன்னொரு கூத்து. புதிய எண் ஒன்று, பழைய எண் ஒன்று. ஈபி பில்லில் ஒன்று, வாடகை ஒப்பந்தத்தில் மற்றது.

ஆக நோயைச் சரியாகத்தான் சொன்னான். மருந்தும் தெரிந்தவன் என்று நம்பி, அந்த 15,000 ரூபாயைக் கட்டினேன், ஓடிபி வந்ததும் வாசித்துச் சொன்னேன்.

அவன் செய்த முதல் வேலை, புரொஃபைலின் முதன்மை உரிமையாளராகத் தன் மெயிலைப் போட்டு என்னை மேனேஜராக இறக்கியது. எனக்கு அது புரியவே மூன்று மாதம் ஆனது. அடுத்து, கடைப்பெயருக்குப் பின்னால் “மிக்ஸி கிரைண்டர் வாஷிங் மெஷின் ஃபிரிட்ஜ் சர்வீஸ் கோயம்புத்தூர் நம்பர் ஒன்” என்று ரயில் மாதிரி ஒரு வால் சேர்த்தான். என் நம்பரை எடுத்துவிட்டு வேறொரு நம்பரைப் போட்டு, “கால் டிராக்கிங் சார், உங்களுக்குத்தான் ஃபார்வர்ட் ஆகும்” என்றான். சரவணம்பட்டியிலும் சிங்காநல்லூரிலும் எங்களுக்குக் கிளை இருப்பதாக இரண்டு பதிவுகள். அங்கே எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அப்புறம் நான் கேள்விப்பட்டே இராத நாற்பது டைரக்டரிகளில் பதிந்ததாக ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது. திறந்து பார்த்தால் அதில் நான்கு வெவ்வேறு போன் நம்பர்கள். பெயர், முகவரி, நம்பரை ஒன்றாக்க வந்தவன்தான் இத்தனையும் செய்தான்.

முதல் இரண்டு மாதம் போன் கூடியது உண்மை. நானும் மகிழ்ந்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு அம்மா கடைக்கு நேரில் வந்தார். “ஏனுங்க, உங்க ஆளு வாஷிங் மெஷின் போர்டைக் கழட்டிட்டுப் போயி பன்னெண்டு நாளாச்சு, போனையும் எடுக்க மாட்டேங்கறாரு” என்றார். கையில் எங்கள் கடைப்பெயர் போட்ட ரசீது, அட்வான்ஸ் 2,500 ரூபாய். நாங்கள் வாஷிங் மெஷினைத் தொட்டதே இல்லை. அவர் போன் செய்த நம்பரை வாங்கிப் பார்த்தேன். அந்த டிராக்கிங் நம்பர். எனக்கு வரவேண்டிய அழைப்புகளில் ஒரு பகுதியை அவன் யாரோ மெக்கானிக்குகளுக்குத் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தான். அந்த அம்மாவுக்கு நான் எவ்வளவு விளக்கியும், “பேரு உங்க பேருதானுங்களே” என்ற ஒரே கேள்விக்குப் பதில் இல்லை.

அவனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். “செக் பண்றேன் சார்” என்றான். அடுத்த மாதம் புரொஃபைல் முடக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டால், “பாத்தீங்களா சார், நேப் பிரச்சினைன்னு அன்னிக்கே சொன்னேனே. ரீஇன்ஸ்டேட் பண்ண 18,000 ஆகும்” என்கிறான்! மகள் போனைப் பிடுங்கி, ஒப்பந்தமும் பணம் அனுப்பிய ரசீதும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் உரிமையை எங்கள் மெயிலுக்கு மாற்றினான். பணம் திரும்பவில்லை.

முடங்கிய புரொஃபைலைத் திரும்பக் கேட்டுக் கூகுளிடம் மேல்முறையீடு செய்வது இலவசம், நாமே செய்யலாம். நான் அவசரப்பட்டேன். அனுப்பிய நிமிடத்திலிருந்து ஆதாரங்களை இணைக்க ஒரு மணி நேரம்தான் தருகிறார்கள். அது தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டு, ஜிஎஸ்டி சான்றிதழைத் தேடி பீரோவைக் கவிழ்த்தேன். கிடைத்த சான்றிதழில் முகவரி காந்திபுரம்! கடை மாறிய 15 நாளுக்குள் ஆர்இஜி-14 படிவத்தில் திருத்தம் கேட்டிருக்க வேண்டும். மூன்று வருடமாகச் செய்யவில்லை. இதில் அவனைக் குறை சொல்ல முடியாது, சோம்பேறித்தனம் என்னுடையது. ஈபி பில் கட்டட உரிமையாளர் பெயரில். கையில் கிடைத்ததை இணைத்தேன். நிராகரித்துவிட்டார்கள், நியாயமாகத்தான்.

அப்புறம் தீபாவளியை மறந்துவிட்டு வரிசையாக உட்கார்ந்து செய்தோம். முதலில் புரொஃபைலில் இருந்த வாலை வெட்டினோம். நிஜ உலகில், அதாவது பலகையிலும் பில்லிலும், கடைப்பெயர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் எழுத்துபூர்வமான விதி. ஊர்ப் பெயரையோ தொழிலையோ தேவையில்லாமல் ஒட்டினால் முடக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆள் இல்லாத முகவரியில் பதிவு வைப்பதும் தவறு. போலிக் கிளை இரண்டையும் நீக்கினோம். பிறகு ஆடிட்டர் மூலம் ஜிஎஸ்டி முகவரித் திருத்தம். அதில் ஆங்கில எழுத்தும் கதவு எண்ணும் பலகையில் இருப்பது போலவே வரும்படி பார்த்துக்கொண்டோம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதினோம். இன்டர்நெட் பில்லைக் கடைப்பெயருக்கு மாற்றினோம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டு, பலகையின் போட்டோவோடு இரண்டாம் முறை கேட்டோம். திரும்பக் கிடைத்தது. முகவரியைத் திருத்தியதால் வீடியோ சரிபார்ப்பும் கேட்டார்கள். தெருவிலிருந்து தொடங்கி, பலகையைக் காட்டி, நான் ஷட்டர் பூட்டைத் திறந்து உள்ளே போவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக மகள் எடுத்தாள். ஆனால் அதற்குள் தீபாவளி போய், கார்த்திகை தீபமும் போயிருந்தது.

ஜஸ்ட்டயலில் பழைய முகவரி கிடந்த ஒரே காரணத்துக்காகக் கடை முடக்கப்பட்டதாக எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. ஏஜெண்டுகள் அதைப் பூதமாகக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். ஆனால் அது விளையாட்டுமில்லை. மற்ற தளங்களில் இருப்பதைப் பார்த்தும், பொதுமக்கள் அனுப்பும் திருத்தத்தை வைத்தும் கூகுள் தானாகவே நம் விவரத்தை மாற்றுவதுண்டு. வாடிக்கையாளர் பழைய சந்துக்குப் போய் நின்று திட்டுவார். ஏதாவது காரணத்தால் முடக்கம் வந்துவிட்டால், புரொஃபைலும் பலகையும் காகிதமும் ஒன்றையே சொன்னால்தான் தப்பிக்கலாம். இதற்கு நாற்பது டைரக்டரி வேண்டாம். நீங்களே பதிந்த நாலைந்து இடங்கள் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை.

இன்றே மேப்பில் உங்கள் கடைப் புரொஃபைலைத் திறந்து, அதை நிர்வகிப்பவர்கள் பட்டியலில் முதன்மை உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் மெயில் அங்கே இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம். யாரையாவது வேலைக்கு வைத்தாலும் மேனேஜராகச் சேருங்கள், ஓடிபி மட்டும் வேண்டாம். முடங்கியிருக்கும்போது அவசரத்தில் புதிதாக இன்னொரு பதிவு திறக்காதீர்கள். நான் திறக்கப் போனேன், மகள்தான் தடுத்தாள்.

விமர்சனங்களெல்லாம் திரும்பி வந்தன. அந்த அம்மா போட்ட ஒற்றை நட்சத்திரமும் வந்தது, வாஷிங் மெஷின் போர்டைப் பற்றி நான்கு வரியோடு. போலி விமர்சனம் என்று புகார் செய்யலாமே என்றார் பக்கத்துக் கடைக்காரர். மனசு வரவில்லை. “நாங்கள் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதில்லை, ஆனாலும் நீங்கள் கொடுத்த 2,500 ரூபாயை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கீழே பதில் எழுதியிருக்கிறேன். இன்னும் அவர் வரவில்லை.