விசிடி முதல் 4கே வரை: இறுவட்டில் படம் பார்த்த அனுபவம்

உறையில் புளூரே என்று போட்டிருப்பதைப் பார்த்துக் காசைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்ததும் முகம் சுளிக்கிற ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன். இறுவட்டு என்ன வகை என்பது படத்தின் தரத்துக்கு ஒரு மேல் எல்லையை மட்டும்தான் போடும். படம் அந்த எல்லைக்குக் கிட்டப் போகுமா போகாதா என்பது வேறு இரண்டு விசயங்களில் இருக்கிறது. எந்தப் பிரதியிலிருந்து எடுத்தார்கள், அதை வட்டுக்குள் எவ்வளவு நெருக்கி அடைத்தார்கள், இந்த இரண்டும்தான். 2002 இல், யுத்தத்தால் பூட்டிக் கிடந்த ஏ9 நெடுஞ்சாலை திறந்து யாழ்ப்பாணத்துக்குள் பிளேயர்கள் வந்து குவிந்த காலத்திலிருந்து இறுவட்டில் படம் பார்க்கிறேன். விசிடி, டிவிடி, புளூரே, இப்போது கொஞ்சம் 4கே என்று எல்லாவற்றிலும் பார்த்தபிறகு என் கணிப்பு இதுதான்.

அதற்கு முந்திய காலத்தை எங்கள் ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990களில் கரண்ட் இல்லை. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, அயலட்டைச் சனம் எல்லாம் கூடி விடியும்வரை பார்த்தோம். கையில் வந்த கசெற் எத்தனையாவது கொப்பி என்று யாருக்கும் தெரியாது. விஎச்எஸ் கசெற்றில் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விபரம் நிற்கும், ஒவ்வொரு முறை கொப்பி அடிக்கும்போதும் அதிலும் கொஞ்சம் போய்விடும், சிவப்புச் சேலையின் நிறம் பக்கத்தில் நிற்பவர் மீதும் வழியும். அதனால் விசிடி வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம். உண்மையில் அது நல்ல கசெற்றைவிடப் பெரிதாகத் தெளிவானது அல்ல. நூறாவது கொப்பியும் முதல் கொப்பி போலவே இருந்ததுதான் அதன் பலம்.

விசிடி 1993 இல் வகுத்த முறை. 352க்கு 288 பிக்சல், படத்துக்குச் செக்கனுக்கு 1.15 மெகாபிட் தகவல், ஒரு வட்டில் 74 நிமிடம். தமிழ்ப்படம் என்றால் இரண்டு வட்டு, நீளமான படம் என்றால் மூன்று. 21 அங்குலப் பழைய குழாய் ரீவியில் அது குறைசொல்ல முடியாத படமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த ரீவியே எல்லாவற்றையும் கொஞ்சம் மென்மையாக்கிக் காட்டும். முகத்தைக் கிட்டத்தில் காட்டும்போது வடிவாக இருக்கும். மழை, கடல், ஓடுகிற கூட்டம் வந்தால் உடனே சதுரம் சதுரமாக உடையும். படத்தை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, முந்திய காட்சியிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதி வைப்பதுதான் இந்தச் சுருக்கல் முறையின் வேலை. எல்லாமே ஒரே நேரத்தில் மாறினால் எழுதுவதற்கு இடம் போதாது, கட்டங்கள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். நல்லூர்த் தேர்த்திருவிழா விசிடி வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். சனக்கூட்டமும் கற்பூரப் புகையும் ஒன்றாக வரும் இடத்தில் தேர் எது, ஆட்கள் எது என்று பிரிக்க முடியாது.

டிவிடிதான் உண்மையான பாய்ச்சல். எங்கள் ஊர் ரீவிகளின் ‘பால்’ முறையில் 720க்கு 576, அதாவது விசிடியைப் போல நாலு மடங்கு பிக்சல். படத்துக்குச் செக்கனுக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். ஆனால் எங்கள் கடைகளில் வாங்கிய டிவிடிகளில் முக்கால்வாசி அந்தத் தரத்தைக் காட்டவே இல்லை, அதற்குக் காரணம் ‘மூன்று படம் ஒரே வட்டில்’ என்ற வியாபாரம். கணக்கைப் பாருங்கள். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட் இடம். இரண்டரை மணித்தியாலப் படம் ஒன்றை மட்டும் போட்டால் ஒலியையும் சேர்த்துச் செக்கனுக்கு 4 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். அதே வட்டில் மூன்று படத்தைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1.4 மெகாபிட்தான். விசிடியில் படமும் ஒலியும் சேர்ந்து வருவதும் ஏறக்குறைய அதேயளவுதான்! உறையில் டிவிடி என்று இருக்கும், உள்ளே வருவது விசிடியின் அளவு, அதையும் நாலு மடங்கு பிக்சலுக்குப் பங்கு போட வேண்டும். கஸ்தூரியார் வீதிக் கடைகளில் அப்போது “கமரா கொப்பியோ நல்ல கொப்பியோ அண்ணை?” என்று கேட்டு வாங்குவோம், கமரா கொப்பி என்றால் தியேட்டரில் திரையைக் கமராவால் பிடித்தது. கேட்டிருக்க வேண்டிய அடுத்த கேள்வி, இந்த வட்டில் எத்தனை படம் இருக்கிறது என்பது. இரட்டை அடுக்கில் 8.5 ஜிகாபைட், அதில் ஒரு படம் மட்டும் இருந்தால் 7 மெகாபிட் தாண்டும், அந்த வித்தியாசத்தை இருட்டுக் காட்சிகளில் கண்ணாலேயே காணலாம். கறுப்புச் சுவரில் கட்டங்கள் ஊராது, சுவர் சுவராகவே நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த வட்டுகள் இன்னொரு பாடம். ரீவி முறை நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் இருந்து வருவது பெரும்பாலும் என்டிஎஸ்சி, இங்கேயும் இங்கிலாந்திலும் பால். பால் மட்டும் தெரிந்த பழைய ரீவியில் என்டிஎஸ்சி வட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வந்து மேலும் கீழும் உருளும். பிளேயரின் அமைப்பில் அதை மாற்றலாம் என்று தெரியாமல் வட்டே பழுது என்று தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டகம், அதாவது 24 தனிப்படம். பால் முறைக்கு 25 வேண்டும் என்பதால் பெரும்பாலும் படத்தையே 4 வீதம் வேகமாக ஓட்டிப் பதிவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். படத்தைவிடப் பாட்டில்தான் இது எனக்கு உறுத்தும். வானொலியில் வருசக்கணக்காகக் கேட்டுப் பழகிய பாட்டின் சுருதி டிவிடியில் ஏறி நிற்கும், பாடுபவரின் குரல் மெலியும். என்டிஎஸ்சியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 24 சட்டகத்தை, ரீவி செக்கனுக்குக் காட்டும் 60 புலமாக (ஒரு புலம் என்பது அரைச் சட்டகம்) ஆக்குவதற்குச் சில சட்டகத்தை இரண்டு தடவையும் சிலதை மூன்று தடவையும் காட்டுவார்கள், கமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் இழுத்து இழுத்துப் போவது தெரியும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் பாட்டுக்காகவே நான் என்டிஎஸ்சி வட்டைத்தான் எடுப்பேன்.

அகலத்திரைப் படங்களில் இன்னொரு இழப்பு இருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் கதைப்பதில்லை. பழைய டிவிடிகளில் சதுர ரீவியை மனதில் வைத்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டையையும் படத்தோடு சேர்த்தே பதிந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 576 வரியில், உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலமான படத்துக்கு மிஞ்சுவது 327 வரியளவு. அகலரீவிக்கு ஏற்ற மாதிரி அமுக்கிப் பதிந்திருந்தால் 436 வரி கிடைக்கும். நூறு வரிக்கு மேல் வீணாகக் கறுப்புக்குப் போகிறது. இன்றைய அகலமான ரீவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு வந்து நடுவில் படம் சின்னதாக நிற்கும். வாங்கிய வட்டு அப்படி நின்றால் அது எந்தக் காலத்துப் பதிவு என்று விளங்கிக்கொள்ளலாம்.

சரி, மூலப்பிரதி. தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்தார்களா, கமராவில் ஓடிய மூலப் பிலிமான நெகட்டிவிலிருந்து எடுத்தார்களா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். திரையின் வலது மேல் மூலையைக் கவனியுங்கள். ரீல் முடிகிற இடங்களில் அங்கே ஒரு வட்டப் புள்ளி ஒருகணம் மின்னி மறைந்தால், அது அடுத்த புரொஜெக்டரை ஓடவிடச் சொல்லி ஒப்பரேற்றருக்கு வைத்த அடையாளம், ஆகவே அது தியேட்டர்ப் பிரதி. அதோடு செங்குத்தான கீறல்கள், ரீல் மாறும் இடத்தில் ஒலி வெட்டுப்படுவது, நிறம் சிவப்புக்குச் சாய்ந்து கிடப்பது எல்லாம் வரும். பழைய தமிழ்ப்படங்களில் பெரும்பாலானவை எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தன, எனக்கு இது உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விசயம். நெகட்டிவைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்தால் அசற்றேற் பிலிம் புளித்துச் சுருங்கிப் போகும், பிறகு எந்தப் புளூரேயும் அதைக் காப்பாற்றாது. முறையாகச் செய்தால் என்ன வரும் என்பதற்கு 1964 இல் வந்த கர்ணன் சாட்சி. டிஜிட்டலில் சீரமைத்து 2012 இல் திரும்பத் தியேட்டருக்கு வந்தது, அந்தப் படத்தைத் தேய்ந்த பிரதியில் மட்டுமே கண்டவர்களுக்கு அதுவொரு புதுப் படம்.

புளூரே உலகச் சந்தைக்கு வந்தது 2006 இல். அதே வருசம் ஓகஸ்டில் எங்களுக்கு ஏ9 பாதை திரும்பப் பூட்டுப்பட்டது, சாப்பாட்டுச் சாமானுக்கே வரிசையில் நின்ற நேரம் அது. ஆகவே நான் புளூரேயைக் கண்டது யுத்தம் முடிந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளுக்குள். 1920க்கு 1080, இரட்டை அடுக்கில் 50 ஜிகாபைட், படத்துக்கு 40 மெகாபிட் வரை, அதோடு 24 சட்டகம் 24 ஆகவே நிற்கும். வேகம் கூடாது, இழுக்காது, சுருதி மாறாது. நல்ல புளூரேயில் நான் முதலில் கவனித்தது முகம் அல்ல, பின்னால் இருக்கிற பொருட்கள். சுவரில் தொங்கும் கலண்டரின் எழுத்து, பருத்திச் சேலையின் நெசவு, நெற்றி வியர்வைக்கு மேல் விபூதி காய்ந்திருக்கிற விதம். டிவிடியில் இவை இருக்கின்றன என்பதே தெரியாது.

ஆனால் தமிழ்ப்படத்தில் புளூரே வந்தவை மிகக் குறைவு, அதிலும் சிலவற்றைப் பார்த்தால் டிவிடிக்கு எடுத்த மூலத்தையே பெருப்பித்துப் போட்டிருக்கிறார்கள் போலத்தான் இருக்கிறது. அப்படியொன்றை நான் நல்ல விலை கொடுத்து வாங்கி மனம் நொந்திருக்கிறேன். முகங்கள் மெழுகு பூசியது போல இருந்தன, ஆட்களின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது, பிலிமுக்கே உரிய நுண்மணிகள் (கிரெய்ன்) ஓரிடத்திலும் இல்லை. நல்ல நெகட்டிவிலிருந்து எடுத்து ஒரு வட்டுக்கு ஒரு படம் என்று போட்ட டிவிடி, இந்த மாதிரிப் புளூரேயைவிட எவ்வளவோ மேல். நுண்மணி தெரிந்தால் சிலர் படம் புள்ளி அடிக்கிறது என்கிறார்கள். அது இருக்க வேண்டியது, படத்தின் விபரமே அதற்குள்தான் இருக்கிறது.

ரீவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நல்ல வட்டையும் கெடுப்பது பல வீடுகளில் அதுதான். கடையில் வெளிச்சத்துக்கு நடுவில் எடுப்பாகத் தெரிவதற்காக வைத்த ‘விவிட்’ அமைப்பிலேயே வீட்டிலும் ஓடுகிறது. சினிமா அமைப்புக்கு மாற்றுங்கள், முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், கண் பழகிவிடும். ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், அது விபரத்தைக் கூட்டாது, ஓரத்தில் கோடுதான் போடும். அசைவை வழுக்கலாக்கும் அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எந்தப் படமும் தொலைக்காட்சித் தொடர் மாதிரி ஆகிவிடும். டிவிடி பிளேயரை மஞ்சள் வயரில் கொழுவியிருந்தால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள், அது இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வயர். மஞ்சள் வயரில் நிறமும் வெளிச்சமும் ஒரே வழியில் கலந்து வருவதால் எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். அப்புறம், தயவுசெய்து பழைய சதுரப் படங்களை இழுத்துத் திரை நிறைக்காதீர்கள். நடிகர்களின் முகம் எல்லாம் வீங்கிப் போகிறது, அந்தக் கால ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த சட்டகத்துக்குச் செய்கிற அநியாயம் அது.

புளூரேயைப் போல நாலு மடங்கு பிக்சல் கொண்ட 4கே வட்டு 2016 இல் வந்தது. என்னிடம் இருப்பவை சில ஆங்கிலப் படங்கள்தான். பிக்சல் கூடியதைவிட நிறமும் வெளிச்ச வீச்சும் கூடியதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கும் நல்ல வெளிச்சம் தரக்கூடிய ரீவி வேண்டும். 43 அங்குலத்தில் பத்து அடி தள்ளியிருந்து பார்ப்பவர் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இணையத்தில் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நெட்ஃபிளிக்ஸ் 1080க்குக் கேட்கும் இணைப்பு வேகம் செக்கனுக்கு 5 மெகாபிட், புளூரே அதைப்போலப் பல மடங்கை வட்டிலிருந்தே தருகிறது. இரவில் எங்கள் பக்கம் சிக்னல் இறங்கினால் அந்த ஐந்தும் இல்லை.

வைத்திருக்கும் விதம் பற்றி. டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருக்கிறது, புளூரேயில் 0.1 மட்டும்தான், ஆனால் அதற்குமேல் கடினமான பூச்சு இருப்பதால் இலகுவில் கீறாது. துடைக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் அந்தக் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுந்து பிளேயர் தடுமாறும். மலிவான பிளாஸ்ரிக் பைகளில் அடுக்கி வெக்கையில் விட்டால் பை வட்டோடு ஒட்டிப்பிடிக்கும்.

எல்லாவற்றிலும் அவசரமானது, எரித்த வட்டுகள், அதாவது வெற்று வட்டை வாங்கிக் கணினியில் பதிந்தவை. தொழிற்சாலையில் அச்சடித்த வட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். கலியாண வீடு, சாமத்தியவீடு என்று ஸ்ரூடியோக்காரர் தந்த டிவிடிகள் பெரும்பாலும் ஊதா நிறம் அடிப்பவை, அவற்றில் தகவல் நிற்பது ஒரு சாயத்தில், வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை மெல்ல அழிக்கும். என் அலுமாரியில் இருந்த அப்படிப்பட்ட சில வட்டுகள் வெளிஓரத்திலிருந்து வாசிக்க முடியாமல் போய்விட்டன, அதாவது விழாவின் கடைசிப் பகுதி போய்விட்டது, ஏனென்றால் டிவிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படுகிறது. அவற்றைக் கணினியில் போட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படியே கொப்பி எடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க என்று திரும்பச் சுருக்க வேண்டாம், ஒற்றை அடுக்கு வட்டு ஒன்றுக்கு அதிகம் போனால் 4.7 ஜிகாபைட்தான்.