கியர்பொக்ஸ் சூட்டு மீற்றர்: பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பூட்டிய கதை

கொட்டாஞ்சேனையில் லைட், சவுண்ட் வாடகைக்குக் கொடுக்கிற கடை எங்களுடையது. திருவிழா சீசன் வந்தால் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டக் கோயில்களுக்கு வரிசையாக ஓட வேண்டும். ஹைலக்ஸ் விகோ டபுள் கெப், ஒட்டோ கியர், பின்னால் கொழுவிய டிரெயிலரில் ஜெனரேட்டர். அவிசாவளை தாண்டி, கித்துல்கலையில் இருந்து கினிகத்தேனைக்கு ஏறுகிற அந்தத் துண்டில் என்ஜின் என்ன பாடுபடுகிறது என்று காதால் தெரியும். கியர்பொக்ஸ் படுகிற பாடு மட்டும் யாருக்கும் தெரியாது.

டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள் என்ஜின் தண்ணீருக்கு உரியது. அதையும் கொம்பனிக்காரன் பாதியிலேயே நிற்கிற மாதிரித்தான் செய்திருக்கிறான். ஒட்டோ கியரில் சூட்டைக் கிளப்புவது டோர்க் கொன்வேர்ட்டர், அதாவது என்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கொடுக்கிற பாகம். பாரம் இழுத்து மெதுவாக ஏறும்போது லொக்-அப் (இரண்டையும் நேரடியாகப் பிணைக்கிற பூட்டு) விட்டுவிடும், உள்ளே எண்ணெய் எண்ணெயோடு அடிபட்டுச் சூடேறும். 80, 90 பாகை செல்சியஸில் சுகமாக இருக்கிற எண்ணெய் 120ஐத் தாண்டி நின்றால் சீக்கிரமே கறுத்துக் கெட்டுப்போகும். பிறகு சீல் இறுகும், கிளச் தகடு வழுக்கும். எச்சரிக்கை லைட் உள்ள வண்டிகளிலும் அது எரிகிற நேரம் சமையல் முடிந்திருக்கும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். திறந்தும் வரியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

கியர் எண்ணெயின் சூட்டைக் காட்டுகிற இந்த மீற்றரை வாங்கியது கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்னக் கடையில். தைவான் சாமான், 52 மில்லிமீற்றர் வட்டம், சென்சர், வயர், சென்சரைக் குழாயின் நடுவில் பொருத்துகிற T வடிவ ரீ-பீஸ் எல்லாம் ஒரே பெட்டியில். பதினெட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. அதே கடையில் ஆறாயிரத்துக்கும் ஒன்று இருந்தது. யப்பான் பெயர் ஒன்றை முகத்தில் அச்சடித்த நகல். கடைக்கார நானாவே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, “தம்பி, இது சோடனைக்கு வாங்குறவங்களுக்கு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் திரும்பவும் போவேன்.

பூட்டியது நானா காட்டிவிட்ட ஒரு பாஸ் (மெக்கானிக்), அதே தெருவின் பின்பக்கம். இந்த விமர்சனத்தில் பாதிப் புகழ் அவருக்குத்தான் போக வேண்டும். ஏனென்றால் இந்த வேலையில் மீற்றரைவிட சென்சரை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். எண்ணெய் வடிக்கிற ட்ரெயின் பிளக்கில் பூட்டினால் அரை மணித்தியால வேலை. “தோட்டத்து றோட்டுக்குப் போற வண்டி, கல்லு அடிச்சா சென்சரும் போகும், எண்ணெயும் போகும்” என்று பாஸ் ஒரேயடியாக மறுத்துவிட்டார். எண்ணெயைக் குளிர்விக்கிற கூலருக்குப் போகிற குழாயில் வைக்க முடிவாயிற்று. குழாய் இரண்டு, எது போவது, எது வருவது? குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கீழே படுத்துக்கொண்டு இரண்டையும் பிடித்துப் பார்த்தார். முதலில் சுட்டது போகிற குழாய்.

அதற்கு முன் இன்னொன்று செய்தார். பக்கத்து தேத்தண்ணிக் கடையில் கொதிக்கிற கேத்தலை வாங்கி வந்து, மீற்றருக்கு பற்றரியில் இருந்து கரண்ட் கொடுத்து, சென்சரின் மூக்கைத் தண்ணீரில் அமிழ்த்தினார். சென்சரின் உடம்பில் ஒரு ஏர்த் வயரை அழுத்திப் பிடித்திருந்தார். முள் 98இல் நின்றது. கடல் மட்டத்தில் இருக்கிற கொழும்பில் தண்ணீர் கொதிப்பது 100இல், ஆகவே இது போதும்.

ஏர்த் கதை தெரியாமல் இதைப் பூட்டுகிறவர்கள் நிறைய. ஒற்றை வயர் சென்சர் தன் ஏர்த்தைத் திரெட் வழியாகத்தான் எடுக்கிறது. ரீ-பீஸ் இரண்டு பக்கமும் றப்பர் ஹோஸில் தொங்கினால் அதற்கு ஏர்த்தே கிடையாது, மீற்றர் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பாஸ் ரீ-பீஸைச் சுற்றி ஒரு கிளிப் போட்டுத் தனி வயரைச் சேஸிக்கு இழுத்தார். ஏர்த்தைத் தடுக்கலாம் என்று திரெட் டேப்பும் சுற்றவில்லை, சீலர் மெல்லியதாகப் பூசினார். பெட்டியில் வந்த ரீ-பீஸைத் தூக்கியும் எறிந்தார்: சென்சர் அமெரிக்க திரெட், அங்குலத்துக்கு 27 புரி, ரீ-பீஸ் பிரிட்டிஷ் திரெட், 28. கையால் திருகினால் ஏறும், பிறகு கசியும். தயாரித்தவனுக்கு இதற்காக மதிப்பெண் குறைக்கிறேன். கூலி ஏழாயிரத்து ஐந்நூறு, குறைந்த எண்ணெய் விட்டதற்குத் தனிக் காசு.

ஓடிப் பார்த்ததில், பம்பலப்பிட்டி நெரிசலில் 90ஐ ஒட்டி நிற்கிறது. டிரெயிலரோடு கினிகத்தேனை ஏத்தத்தில் 118 வரை போனதைப் பார்த்தேன். சூடான குழாயில் இருப்பதால் இது கொன்வேர்ட்டரில் இருந்து அப்போதுதான் வெளியே வருகிற எண்ணெயின் சூடு. கீழே தொட்டியில் அவ்வளவு இராது. அதனால் ஒரு வளைவில் முள் மேலே போனால் பதறத் தேவையில்லை, இறங்காமல் நின்றால்தான் யோசிக்க வேண்டும். என் ஓட்டம் இதனால் மாறிவிட்டது. டி-யில் விட்டு அழுத்திக்கொண்டிருக்காமல் கியரைக் கீழே இழுத்து ஆர்பிஎம்மைக் கூட்டினால் முள் கண்ணுக்கு முன்னாலேயே இறங்குகிறது. மேலே போய் நிறுத்தியதும் நியூட்ரலில் கொஞ்ச நேரம் என்ஜினை ஓட விடுகிறேன், எண்ணெய் கூலருக்குள் சுற்றட்டும் என்று.

குறைகளும் உண்டு. முகத்து லைட் சரியான வெள்ளை, டிம்மருக்கு அடங்காது. இரவில் முன் கண்ணாடியில் இன்னொரு மீற்றர் தெரிகிறது. கூட வந்த, மீற்றரைப் பிடிக்கிற தாங்கியை முன் கண்ணாடியின் வலப்பக்கத் தூணில் பூட்டினால் கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற த்ரீவீலரே மறைந்துவிடுகிறது. அதனால் ரேடியோவுக்கு மேலே மாற்றச் சொன்னேன். தாங்கிக்குக் கொடுத்த காசு வீண்.

லொறிக்காரர்கள் வாங்கப் போனால் முதலில் வோல்ட்டைக் கேளுங்கள். பெரிய லொறிகள் பெரும்பாலும் 24 வோல்ட், இந்த மீற்றர் 12 மட்டும். 24க்கு நானாவிடம் சாமான் இல்லை, சொல்லி வைத்தால் எடுத்துத் தருவாராம்.