மெர்சிடிஸ்-பென்ஸ் வரிசை: நடுத்தர செடானை உரைகல்லாக வைத்து ஒரு மதிப்பீடு

மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே 1954-இல் வந்த இறக்கைக் கதவு 300 எஸ்எல் காரையும், நாட்டுத் தலைவர்கள் பயணிக்கும் எஸ் கிளாஸையும் முன்னிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அவை மிகச் சிறந்த கார்கள் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும், செலவைப் பற்றி அதிகம் கவலைப்படாமல் செய்யப்பட்ட ஒரு காரைக் கொண்டு நிறுவனத்தின் தரத்தை எடைபோடுவது முறையாகாது. டாக்சி ஓட்டுநரும் மருத்துவரும் ஒரே மாடலை வாங்கி, ஒருவர் இரவு பகலாக ஓட்ட, மற்றவர் ஆண்டுக்கணக்கில் பேணிப் பாதுகாக்க, இருவருக்கும் குறை வைக்காத கார் எதுவோ அதுவே சரியான உரைகல். மெர்சிடிஸ் வரிசையில் அந்த இடம் நடுத்தர செடானுக்கு, அதாவது இன்றைய இ கிளாஸுக்கு உரியது. அதன் தலைமுறைகளை ஒட்டியே மற்ற மாடல்களையும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இந்த மரபு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1936-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகமான 260 டி, டீசல் எஞ்சினுடன் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் பயணிகள் கார்களில் ஒன்று. எரிபொருள் சிக்கனத்துக்காக டாக்சி ஓட்டுநர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். 1953-இல் வந்த 180, தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, உடலும் சட்டகமும் ஒன்றான கட்டமைப்புக்கு மாறியது. 1959-இல் வால்துடுப்புப் பின்புறம் கொண்ட 220 வரிசையில், பேலா பாரெனி என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றிருந்த ஏற்பாடு முதன்முதலாக இடம்பெற்றது: மோதலின்போது முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி விசையை உள்வாங்கிக்கொள்ள, பயணிகள் அமரும் நடுப்பகுதி உருக்குலையாமல் நிற்கும். இரண்டே ஆண்டுகளில், 1961-இல், அதே அமைப்பு நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய மாடல்களுக்கும் வந்துசேர்ந்தது. உயர்ந்த மாடலில் கண்டறிந்ததைக் கீழே உள்ள மாடலுக்கு விரைவாக இறக்கிக் கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் அந்த நிறுவனத்தின்மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

1968-இல் வந்த நடுத்தர செடானான டபிள்யூ 114, டபிள்யூ 115 வரிசையில் (டபிள்யூ எண் என்பது ஒவ்வொரு தலைமுறைக்கும் நிறுவனம் வைக்கும் உட்குறியீடு) ஒரு காரை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்துக்கு 2004-இல் ஒப்படைக்கப்பட்ட 1976-ஆம் ஆண்டு 240 டி டாக்சி ஒன்று, கிரேக்க நாட்டுச் சாலைகளில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரே எஞ்சினில் அத்தனை தூரம் ஓடவில்லை, எஞ்சின்கள் மாற்றப்பட்டன. ஆனால் அவ்வளவு உழைப்பையும் அந்த உடலும் அடிக்கட்டும் தாங்கி நின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1976-இல் வந்த டபிள்யூ 123-தான் என் கணிப்பில் இந்த வரிசையின் முதல் உச்சம். செடான், கூபே, நீண்ட செடான், ஸ்டேஷன் வேகன் என்று எல்லா வடிவங்களையும் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் கார்கள் செய்யப்பட்டன. வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்கியவர்கள் ஏமாந்திருப்பார்கள்: தொடக்கக்கால 200 டி மாடலின் 55 குதிரைத்திறன் எஞ்சின், நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. ஆனால் இந்தக் காரின் சிறப்பு வேகத்தில் இல்லை. கதவின் கீல், இருக்கையின் சுருள்வில், கண்ணாடியை இறக்கும் கைப்பிடி என்று கைபடும் ஒவ்வொரு பாகமும் தேவைக்குமேல் ஒரு மடங்கு கனமாகவே செய்யப்பட்டிருக்கிறது; நாற்பது ஆண்டுகள் கடந்த காரில்கூட அவை ஆடாமல் அசையாமல் இருப்பதைக் காணலாம்.

அதன் டீசல் மாடல்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறியியல் நுணுக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாததால், மின்சாரத்தைத் துண்டித்து அதை நிறுத்த முடியாது. எரிபொருள் வரத்தைத்தான் நிறுத்த வேண்டும். டபிள்யூ 123-இல் சாவியைத் திருப்பினால், எஞ்சினோடு சுழலும் வெற்றிடப் பம்பு உண்டாக்கிய உறிஞ்சுவிசை மெல்லிய குழாய் வழியாகச் சென்று எரிபொருள் பம்பை அடைக்கிறது. கதவுகளைப் பூட்டுவதும் திறப்பதும் அதே வெற்றிடம்தான். ஆகவே, கதவுக்குள் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வு கிழிந்தால்கூட, சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் கையால் அழுத்தி நிறுத்துவதற்கென்று பானட்டுக்குள் எஞ்சின்மீதே ஒரு நெம்புகோலையும் வைத்திருக்கிறார்கள். பழுது எங்கே வரும், வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார் என்பதை வரைபடத்திலேயே சிந்தித்து முடித்தவர்களின் வேலை இது.

இதே காலத்தில் மேலிருந்து கீழே வந்தவை பல. பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய, அழுத்திப் பிடித்தாலும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 1978-இல் எஸ் கிளாஸில் அறிமுகமாகி, 1980-இல் டபிள்யூ 123-க்கும் விருப்பத் தேர்வாக வந்தது. 1981-இல் டபிள்யூ 126 எஸ் கிளாஸில் வந்த ஏர்பேக்கும் மறு ஆண்டே அவ்வாறு இறங்கியது. புருனோ சாக்கோ வடிவமைப்புத் துறைக்குத் தலைமை தாங்கிய காலத்து டபிள்யூ 126-ஐ இன்று பார்த்தாலும் அதில் ஒரு கோடுகூட மிகையாகத் தெரியவில்லை. இருக்கையை நகர்த்துவதற்காகக் கதவில் இருக்கையின் வடிவத்திலேயே அமைந்த சுவிட்சைக் கண்ணால் பார்க்காமலேயே இயக்கலாம்.

1982-இல் அறிமுகமான சிறிய செடான் 190, இந்த ஓட்டத்தைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கம்பிகளால் தாங்கும் சஸ்பென்ஷன் முதலில் இந்தச் சிறிய காரில் வந்து, பிறகே பெரிய மாடல்களுக்கு ஏறியது. வளைவில் சக்கரம் சாலையோடு பதிந்து நிற்க வேண்டும், அதே நேரத்தில் மேடு பள்ளம் உள்ளே தெரியவும் கூடாது என்ற இரண்டு எதிரெதிரான தேவைகளையும் அது ஒருங்கே நிறைவேற்றியது.

அந்தச் சஸ்பென்ஷனைப் பெற்றுக்கொண்டு 1984-இன் இறுதியில் வெளிப்பட்ட டபிள்யூ 124-ஐ இந்த நிறுவனம் இதுவரை செய்த மிகச் சிறந்த கார் என்றே கருதுகிறேன். எஸ் கிளாஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காற்றுத் தடைக் குணகம் 0.29 அளவுக்குக் குறைக்கப்பட்டிருந்தும், அதற்காகத் தலைக்குமேல் உள்ள இடமோ டிக்கியின் கொள்ளளவோ பறிபோகவில்லை. முன்கண்ணாடியைத் துடைக்க ஒரே ஒரு வைப்பர். அது வெறுமனே அரைவட்டம் போடாமல், தன் அடிப்பகுதியில் உள்ள பல்சக்கர அமைப்பால் மூலைகளை நெருங்கும்போது நீண்டும் நடுவில் குறுகியும், கண்ணாடியின் 86 சதவீதப் பரப்பைத் துடைக்கிறது. பின்விளக்குகளைத் தடவிப் பார்த்தால் வரிவரியாக மேடும் பள்ளமும் தட்டுப்படும். சாலைச் சேறு மேடுகளில் அப்பினாலும், பள்ளங்கள் சுத்தமாக இருந்து ஒளி பின்னால் வருபவருக்குத் தெரியும் என்பதற்காக 1970-களின் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்கப்பட்ட வடிவம் அது. அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றும் ஒவ்வொன்றின் பின்னாலும் இப்படி ஒரு காரணம் இருந்த கார் இது.

இதே உடலில் 5 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தி வந்த 500 இ, போர்ஷே நிறுவனத்தின் பங்களிப்புடன் உருவானது; சிண்டெல்ஃபிங்கன் ஆலைக்கும் போர்ஷேயின் சுஃபன்ஹௌசன் ஆலைக்கும் இடையே மாறிமாறிச் சென்று முழுமை பெற்றது. புடைத்த சக்கர வளைவுகளைக் கவனிக்காதவருக்கு அது சாதாரண 200-ஆகவே தெரியும் என்பது அதன் பெருமை.

1991-இல் வந்த டபிள்யூ 140 எஸ் கிளாஸ் இரட்டைக் கண்ணாடி சன்னல்களோடும், 6 லிட்டர் வி12 எஞ்சினோடும் வந்தது. பின்னோக்கி எடுக்கும்போது காரின் முனை எங்கே இருக்கிறது என்று காட்டப் பின்புற ஓரங்களிலிருந்து இரண்டு சிறு கம்பிகள் எழும் அளவுக்கு அது பெரியது. அதில் கொட்டிய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது விற்ற காலத்தில் ஜப்பானிய லெக்ஸஸ் அதே அமைதியைக் குறைந்த விலையில் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு செலவைக் குறைக்கும் நோக்கம் எல்லா மாடல்களுக்குள்ளும் புகுந்தது. அதன் சுமை நடுத்தர செடான்மீதுதான் கடுமையாக விழுந்தது. 1995-இல் நான்கு நீள்வட்ட முகப்பு விளக்குகளுடன் வந்த டபிள்யூ 210 ஓட்டுவதற்கு இனிமையானது, டீசல் எஞ்சின்களும் உறுதியானவை. ஆனால் அதன் தகடு துருப்பிடித்தது. கதவின் அடியிலும் டிக்கியின் விளிம்பிலும் துரு வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்சுருள்வில்லைத் தாங்கும் உலோகத் தாங்கியே அரித்து உடலிலிருந்து பிய்ந்துவரும் நிலை ஏற்பட்டதை மன்னிக்க முடியாது. டபிள்யூ 123-ஐ நம்பி வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நம்பிக்கை இங்கேதான் உடைந்தது.

1997-இல் ஏ கிளாஸ், ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் கவிழ்ந்ததை உலகமே பார்த்தது. அதற்கு நிறுவனம் காட்டிய எதிர்வினையைப் பாராட்டியே ஆக வேண்டும். விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாக இருந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடான இஎஸ்பி-யைத் தன் மிகச் சிறிய காரில் கட்டாய அம்சமாக்கியது. சிறிய கார்களிலும் இஎஸ்பி எதிர்பார்க்கப்படும் காலம் அங்கிருந்தே வேகம் பிடித்தது.

2002-இல் வந்த டபிள்யூ 211-இல் துரு பெருமளவு தணிந்தது. ஆனால் பிரேக் மிதியை நேரடியாக எண்ணெய் அழுத்தத்தோடு இணைக்காமல், கணினி வழியாக இயக்கிய சென்சோட்ரானிக் அமைப்பு 2004, 2005 ஆண்டுகளில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வைத்தது. 2006 திருத்தத்தில் அது நீக்கப்பட்டு வழக்கமான பிரேக் திரும்பியது. 2009-இன் டபிள்யூ 212-ஐப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. எனக்கோ அது, டபிள்யூ 124-இன் நிதானத்தை மீண்டும் நினைத்துப் பார்த்தவர்கள் செய்த காராகத் தெரிகிறது.

இதற்கிடையே வரிசை அளவுக்குமீறிப் பெருகியது. ஆர் கிளாஸ், நிசான் நவாராவை அடிப்படையாகக் கொண்ட எக்ஸ் கிளாஸ் பிக்கப் போன்றவை எதற்காக வந்தன என்று விளங்கும் முன்பே விடைபெற்றன. 1979 முதல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் செய்யப்படும் ஜி கிளாஸ் மட்டும், தான் எதற்காகப் பிறந்ததோ அந்தத் தோற்றத்தை விடாமல் நிற்கிறது. 2021-இல் வந்த மின்சார இக்யூஎஸ் 0.20 என்ற காற்றுத் தடைக் குணகத்தை எட்டியது பெரிய சாதனை. ஆனால் அதற்காக வளைத்த கூரை, எஸ் கிளாஸின் பின்னிருக்கைக்கே உரிய விசாலத்தைக் குறைத்துவிட்டது. காற்றையும் பயணியையும் டபிள்யூ 124 ஒருசேரத் திருப்திப்படுத்தியிருந்ததை அறிந்தவருக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

2023-இல் வந்த இன்றைய டபிள்யூ 214-க்கு வருவோம். எல்லா எஞ்சின்களும் நான்கு அல்லது ஆறு சிலிண்டர் கொண்டவை, எல்லாவற்றிலும் மின் உதவி உண்டு. மின்னேற்றும் ஹைபிரிட் மாடல்கள் மின்கலத்தில் மட்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல் செல்கின்றன. ஓட்டத்தின் அமைதியும் ஓட்டுநர் உதவி அமைப்புகளும் முதல் தரம். குறை உள்ளே இருக்கிறது. முன்பயணிக்குக்கூடத் தனித்திரை வைத்தவர்கள், ஸ்டீயரிங்கில் ஒலியைக் கூட்டிக் குறைக்க அழுத்தும் பொத்தானை வைக்காமல், விரல் வழுக்கினால் தடுமாறும் தொடுபட்டையை வைத்திருக்கிறார்கள். இருக்கை சுவிட்சைக் கண்ணால் பார்க்காமலே இயக்கலாம் என்று காட்டிய நிறுவனம், இன்று குளிரூட்டியைக் கூட்டுவதற்கே சாலையிலிருந்து கண்ணை எடுக்கச் சொல்கிறது. பாதுகாப்பையே தன் அடையாளமாகக் கொண்ட ஒரு நிறுவனம் இதை அடுத்த திருத்தத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

பழையதை வாங்க விரும்புபவருக்கு என் பரிந்துரை டபிள்யூ 124-இன் ஆறு சிலிண்டர் 300 இ, அல்லது எளிய 250 டி. 1990-களின் முதற்பாதியில் செய்யப்பட்ட பெட்ரோல் மாடலாக இருந்தால் எஞ்சினின் மின்கம்பித் தொகுப்பை முதலில் பாருங்கள். அக்காலத்து மின்காப்பு உறை வெப்பத்தில் பொடிந்து உதிரும் இயல்புடையது, எனவே மாற்றியதற்கான ரசீதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஜாக்கி வைக்கும் இடங்களில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள், பின்சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருந்தால் அதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள். இவை சரியாக இருந்தால் ஓடிய கிலோமீட்டரைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.