48 நாள் தன்கணக்குக் கொப்பி: வாங்கலாமா?

மட்டக்களப்பு நகரத்துப் புத்தகசாலைகள் சிலவற்றில், அன்றன்றைய நடத்தையைத் தானே கணக்குப் பார்த்து எழுதுவதற்கென உள்ளூர் அச்சகம் ஒன்று வெளியிட்டுள்ள தன்கணக்குக் கொப்பி ஒன்று விற்பனைக்கு உள்ளது. ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாட்களுக்கு, நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஏழு கேள்விகள். அடியில் 35க்குப் புள்ளி போட ஒரு கட்டம். அட்டையில் ஓமும் சிலுவையும் பிறையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனால் உள்ளே எந்தச் சமயத்தின் பெயரும் இல்லாததால், கல்லடியில் இருப்பவரும், முஸ்லிம்கள் செறிந்து வாழும் பக்கத்து ஊரான காத்தான்குடியில் இருப்பவரும் ஒரே கொப்பியை மனத்தடையின்றி எழுதலாம்.

இந்த முறை புதிதன்று. இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார், 16ஆம் நூற்றாண்டிலேயே, திருத்த விரும்பும் ஒரேயொரு குறையைத் தெரிவுசெய்து, அது எத்தனை தடவை நேர்ந்தது என்று பகலுணவுக்குப் பின்னும் இராவுணவுக்குப் பின்னும் கோட்டின்மேல் புள்ளியிடச் சொன்னார். அந்தச் சபைத் துறவிகள் 1895 முதல் மட்டக்களப்பில் பணியாற்றியவர்கள் என்பதால், இங்குள்ள பழைய தலைமுறைக் கத்தோலிக்கர் சிலருக்கேனும் இது கேள்விப்பட்ட வழக்கமாகவே இருக்கும். 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 13 நற்பண்புகளை வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு சுற்று வரும்படி கட்டம் போட்டு வைத்திருந்தார். பழைய குறிகளை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிப்போனதால், ஈரத்தால் துடைக்கக்கூடிய யானைத்தந்தத் தகடுகளுக்கு மாறினார். பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, இரிஷிகேசத்தில் துறவியான சுவாமி சிவானந்தரோ, எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே என்ன தண்டனை விதித்தாய் என்றே தம் மாணாக்கரிடம் கேட்டார். நாளின் ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றிக் கேட்பதே இம்முறைகளின் பலம். ‘நல்லவனாக இருந்தாயா’ என்று கேட்டிருந்தால் எவரும் ‘ஓம்’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்.

இந்தக் கொப்பியின் ஏழு கேள்விகளில் நான்கு அந்த வழியில் வந்தவை. எழுந்ததும் முதலில் கையில் எடுத்தது எது, எனக்கு உரித்தல்லாத காசு கைக்கு வந்தபோது என்ன செய்தேன், சொன்ன நேரத்துக்குப் போனேனா, ஒருவர் இல்லாத இடத்தில் அவருடைய குறையைப் பேசினேனா என்பவை அவை. ‘இன்று அன்பாக இருந்தேனா’ என்பது போன்ற மற்ற மூன்றும் வெறும் அலங்காரம்.

நான்கிலும் ஆழமாக வேலை செய்வது கடைசிக் கேள்வி. கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், இடமாற்றம் பெற்றுப்போன ஒருவரைப் பற்றிப் பேச்சுத் தொடங்கும். நமக்கும் ஒரு செய்தி தெரியும். அது நாக்கின் நுனிவரை வரும். இரவில் இதை எழுதவேண்டி வருமே என்ற நினைவு அந்தக் கணத்தில் எழுந்தால், சீனிப் போத்தலை எட்டி எடுக்கிற சாக்கில் அந்த வாக்கியம் சொல்லப்படாமலே போய்விடும். முதல் வாரத்தில் இது பண்பு அன்று, கொப்பிக்குப் பயம் மட்டுமே. ஆயினும் சில வாரங்கள் செல்ல, சொல்லவேண்டும் என்ற அரிப்பே குறைகிறது. அதன்பின் அத்தகைய கதைகளை நம்மிடம் கொண்டுவருவோரும் குறைகிறார்கள். (ஊர்ப் புதினம் கடைசியாக நம் காதுக்கு வருவது இதன் விலை.) கொப்பியை இரவில் எழுதினாலும் அதன் பயன் மறுநாள் பகலில், பேசுவதற்கு முந்திய அந்த அரை நொடியில்தான் கிடைக்கிறது.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் புள்ளிக் கட்டத்தை ஏன் வைத்தார்கள் என்பது விளங்கவில்லை. 33 வந்த நாளில் தலைக்கேறும் மிதப்பு, அன்றைக்குத் தவிர்த்த எல்லாக் குறைகளையும்விடப் பெரிய குறை; அதைக் கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியும் இல்லை. ஒரு நாள் தவறினால் முதலாம் நாளிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும் என்று முன்னுரையில் உள்ள விதியும் பிழையானது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஊன்றுவதற்கு ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாட்கள் வரை எடுக்கலாம் என்று கணிக்கப்பட்டது. நடுத்தரம் 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. மண்டலக் கணக்கு விரதத்துக்குப் பொருந்தும். குணத்தைத் திருத்துவதற்கு அதையே எல்லையாக வைத்தால், 49ஆம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பும், ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவருக்கு இனி எதற்கு என்ற சலிப்புமே மிஞ்சும்.

தாள் மெல்லியது, மாரி காலத்து ஈரத்தில் மைப்பேனையால் எழுதினால் பின்பக்கம் ஊறுகிறது. குமிழ்முனைப் பேனையே நல்லது.

தனியாக எழுதி, தானே வைத்திருக்கக்கூடிய வளர்ந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறநெறி வகுப்புப் பிள்ளைகளுக்கு மொத்தமாக வாங்கிக் கொடுக்க எண்ணுவோர் சற்றுப் பொறுக்கலாம். ஆசிரியர் வாங்கிப் பார்க்கிற கொப்பியில் எந்தப் பிள்ளையும் உண்மையை எழுதாது. கெட்டி அட்டை போட்ட சாதாரண சீ.ஆர். கொப்பி ஒன்றில் அந்த நான்கு கேள்விகளையும் எழுதி வைத்தாலும் இதே வேலை நடக்கும். அச்சகத்தார் அடுத்த பதிப்பில் புள்ளிக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எழுதுவதற்கு இரண்டு கோடு போட்டுத் தந்தால், நான் மீண்டும் இதையே வாங்குவேன்.