குளச்சல் போரிலிருந்து வந்த தட்டு

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் களியக்காவிளை எல்லையின் இரு பக்கமும் பழைய பீங்கான் வாங்குகிறவர்களுக்கும், வீட்டு மச்சில் பழைய பரணி, அதாவது ஊறுகாய் போடும் பெரிய ஜாடி, வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டு கூட்டத்திலும் உண்டு. இரண்டு பக்கமும் அடி விழுந்தது. போனது 42,000 ரூபாயும் என் பாட்டியின் சீனப்பரணியும். வந்தது ஒரு தட்டு.

கடையின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது பில்லைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

பதினோரு வருடங்களாகப் பீங்கான் சேர்க்கிறேன். பெரிய சேகரிப்பு அல்ல. தக்கலை, குழித்துறை பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் சைக்கிளில் போய் நிற்பவன் நான். கதவும் உத்தரமும் ஒருவர் எடுப்பார், உருளியும் விளக்கும் எடைக்குப் போகும், கடைசியில் அடுக்களை மூலையில் கிடக்கும் தட்டு, கோப்பை, பரணி என் பங்கு. நான் பார்த்தவரை ‘சீனத் தட்டு’ என்று எடுத்துக்காட்டுவதில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் அச்சடித்த வில்லோ தட்டுகள். பாலம், பாலத்தின் மேல் மூன்று பேர், வானத்தில் இரண்டு பறவைகள், ஓரத்தில் சாய்ந்த மரம். 1790 வாக்கில் ஆங்கிலேயர்கள் சீனத்துப் பாணியைப் பார்த்துத் தாங்களாகவே உருவாக்கிய படம் அது. காதல் கதை ஒன்றையும் பிறகு சேர்த்துவிட்டார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அடியில் இங்கிலாந்து முத்திரை இருக்கும், விலையும் கைக்கு எட்டும். எனக்கு அவற்றில் ஒன்பது உண்டு.

அந்தக் கடைக்காரரிடம் இரண்டு வருடங்களாக வாங்கிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்னப் பொருள்கள். எல்லாம் நேர்மையாகவே இருந்தன. தூண்டிலில் முதலில் இரை மட்டும்தானே கண்ணுக்குத் தெரியும். ஒருமுறை எங்கள் வீட்டுப் பரணியின் படத்தைக் காட்டி, உள்ளே படிந்த உப்புக் கறையை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன். படத்தை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். “ஒன்றும் செய்ய வேண்டாம் சாரே, அப்படியே இருக்கட்டும்” என்றார். நல்ல ஆலோசனை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அவரே வீடு தேடி வந்தார். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றிய தட்டு. நீலமும் வெள்ளையும். நடுவில் வி, ஓ, சி என்ற மூன்று ரோமன் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. இரு பக்கமும் நீண்ட வால் பறவைகள். சுற்றிலும் ஆறு கட்டங்களில் மாறி மாறி மூங்கிலும் பூக்களும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. எங்கள் அம்மா எட்டிப் பார்த்து, “வ.உ.சி.யா? சிதம்பரம் பிள்ளையின் கப்பலில் இருந்த தட்டா?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம். இப்போது யோசித்தால், அன்று அந்த அறையில் சரியான கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான்.

கதை இப்படிப் போனது. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள் அல்லவா? பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானாரே, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு கல்லறை இருக்கிறதே, அந்த டச்சு முகாமிலிருந்து எடுத்த தட்டு இது. ஒரு குடும்பத்தில் ஏழு தலைமுறையாக இருந்தது. பெயர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கோட்டை எங்கள் வீட்டிலிருந்து பக்கம். சிறுவயதில் அந்தக் கல்லறையைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடியிருக்கிறேன். அவர் சொன்னதில் போர் உண்மை, டிலனாய் உண்மை, கல்லறை உண்மை. தட்டைப் பற்றியும் எனக்கே கொஞ்சம் தெரியும். சீனத்தில் மிங் அரசு விழுந்து ஜிங்டெசென் ஊர்ப் பீங்கான் சூளைகள் முடங்கியபோது டச்சுக்காரர்கள் ஜப்பானின் அரிட்டா ஊர்ப் பக்கம் திரும்பினார்கள். 1659இல் பெரிய ஆர்டர் போயிற்று. கம்பெனி எழுத்துப் போட்ட தட்டுகள் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே செய்யப்பட்டவை. 1663இல் கொச்சியே டச்சுக்காரர் கைக்கு வந்துவிட்டது. ஆகவே அப்படி ஒரு தட்டு குளச்சல் கரைக்கு வந்திருக்க முடியாதா என்று கேட்டால், வந்திருக்க முடியும். அந்த ‘முடியும்’ என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். அவர் பாதிக் கதை சொன்னார்; மீதியை நான் படித்த புத்தகங்கள் என் காதில் சொல்லி முடித்தன.

விலை 48,000 என்றார். கையில் அவ்வளவு இல்லை என்றேன். மச்சைப் பார்த்தார். “அந்தப் பரணியை 6,000க்கு எடுத்துக்கொள்கிறேன். மீதி கொடுத்தால் போதும்.”

பரணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்காலுக்கு மேல் உயரம். கருந்தவிட்டு நிற மெருகு தோளிலிருந்து வழிந்து, அடிப்பாகத்துக்கு எட்டாமல் பாதியில் நின்றிருக்கும். தோளைச் சுற்றி நான்கு காதுகள். ஒன்று முனை உடைந்தது. மூடி கட்டும் கயிற்றை அந்தக் காதுகளில்தான் கோர்ப்பார்கள். கடைகளில் இப்போது கிடைக்கும், மேலே தவிட்டு நிறமும் கீழே வெளுப்புமான ஊறுகாய் ஜாடி வேறு. அது நம் நாட்டுத் தொழிற்சாலைச் சரக்கு. இது கடல் தாண்டி வந்தது. மர்த்தபான் ஜாடி என்று பர்மாத் துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்படும் இந்த வகையில் பெரும்பங்கு தென்சீனத்துச் சூளைகளில் செய்யப்பட்டது. 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோப் பயணி இப்னு பதூதா தமக்கு நான்கு மர்த்தபான் ஜாடிகள் பரிசாகக் கிடைத்ததை எழுதியிருக்கிறார்: கடற்பயணத்துக்காக உப்பிட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் நிறைத்தவை. எங்கள் பாட்டியும் அதையேதான் செய்தார். மாசி பங்குனியில் கண்ணிமாங்காயைக் காம்போடு பறித்து, உப்பு நீரில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார். ஒரு வருடம் தாங்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்கே வைத்திருக்கும் சீனப்பரணிகளைப் பார்க்காமல் வர மாட்டார்கள். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. அது வேறு கதை.

“மக்களே, அது உன் அப்பா பிறக்கும் முன்பே இந்த வீட்டில் இருந்தது. கொடுக்காதே” என்றார் அம்மா. அவரால் தூக்க முடியாமல் அது காலியாகக் கிடந்தது இரண்டு வருடங்களாக. “சும்மாதானே கிடக்கிறது” என்றேன். இந்த வாக்கியத்தை நான் பிறகு பல இரவுகள் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் பரணியை இறக்கித் தரையில் வைத்தார். விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கையை உள்ளே விட்டு அடிவரை தடவினார். கவிழ்த்து, மெருகு இல்லாத அடிமண்ணை நகத்தால் சுரண்டினார். விலையைக் குறைக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்று நினைத்தேன். விலையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தட்டை நான் பார்த்த நேரத்தைவிட அவர் பரணியைப் பார்த்த நேரம் அதிகம்.

தட்டு பத்து நாள் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பதினோராம் நாள் நான் வெளியூர் போயிருந்தபோது, ஓரமெல்லாம் அழுக்காக இருக்கிறதே என்று அம்மா அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். நான் வந்தபோது தட்டு மின்னிக்கொண்டிருந்தது. அடி வளையத்தில் இருந்த பழுப்பு முழுவதும் போயிருந்தது. பழைய தட்டின் மெருகில்லாத வளையத்தில் அழுக்கு மண்ணுக்குள் ஊறியிருக்கும், அவ்வளவு எளிதில் போகாது. இது தேயிலைச் சாயமோ வேறு என்னவோ, மேலே பூசியது. “தண்ணீர் காபி மாதிரி வந்தது” என்றார் அம்மா. முந்நூறு வருடம் சாக்கடையில் போய்விட்டது.

அதன் பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நகைக்கடையில் இருக்கும் அத்தை மகனிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். பறவையின் இறகில் தூரிகை போன தடமே இல்லை. செய்தித்தாள் படத்தில் தெரியுமே, அதே ஒழுங்கான புள்ளிகள். கையால் தீட்டிய கோபால்ட் நீலம், தூரிகை நின்ற இடத்தில் தேங்கி அடர்ந்திருக்கும், இழுத்த இடத்தில் வெளிறும். என் வில்லோ தட்டுகளும் அச்சுதான், ஆனால் அவை செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகளும் குத்துகளும். இப்படி வரிசை பிடித்து நிற்பவை அல்ல.

அடியைத் திருப்பினேன். அரிட்டாக்காரர்கள் பெரிய தட்டைச் சுடும்போது நடுப்பகுதி தொய்யாமல் இருக்கச் சிறு மண் முளைகளை அடியில் முட்டுக்கொடுப்பார்கள். சுட்ட பின் தட்டி எடுத்தால் மிளகளவில் வடுக்கள் நிற்கும். இங்கே ஒரு வடுவும் இல்லை, குழந்தையின் கன்னம் போல இருந்தது. மேலே இருந்த கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில். முந்நூறு வருடம் கரண்டி பட்டால் அப்படியா விழும்? உப்புத்தாள் வைத்து ஒருவர் ஐந்து நிமிடம் தேய்த்தால் விழும்.

இவை எதுவும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஒரு நண்பர் காங்சி அரசர் முத்திரை என்று ஆறு சீன எழுத்துகளைக் காட்டி ஒரு கிண்ணம் வாங்க இருந்தபோது நானே தடுத்திருக்கிறேன். காங்சி ஆண்டது 1661 முதல் 1722 வரை. அவர் பெயரை 19ஆம் நூற்றாண்டிலும் போட்டார்கள், நேற்றும் போடுகிறார்கள், எழுத்தை மட்டும் நம்பாதே என்று அரை மணி நேரம் பேசினேன். அடுத்தவர் கிண்ணம் என்றால் லென்ஸ் தானாகவே கைக்கு வருகிறது.

தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்தார். “பில்லைப் பாருங்கள் சாரே” என்றார். நான் அன்று 10,000 ரூபாயைக் கைபேசி வழியாக அனுப்பியிருந்தேன். மீதி 32,000 ரொக்கம், ‘வரி எதற்கு வீணாக’ என்று அவர் சொன்னதால். பில் 10,000க்கு மட்டும். மலையாளத்தில் எழுதியிருந்தது: பழைய மாத்ருகையில் அலங்காரத் தட்டு, ஒன்று. மாத்ருகை என்றால் மாதிரி. எல்லைக்காரனான எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டாமல் படிக்க வரும். அன்று ‘பழைய’ வரைக்கும் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்திருந்தேன். பரணியைப் பற்றிப் பில்லில் ஒரு வார்த்தையும் இல்லை.

நாகர்கோவிலில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். கடை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பில்லை வாங்கிப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுதியதைத்தான் அவன் கொடுத்திருக்கிறான் என்றார். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அந்தக் கடையில் அப்படி எதையும் நான் கேட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை. கேட்டிருந்தால், ‘இது பழையது அல்லவே, மாதிரிதானே’ என்றிருப்பார். வாங்குகிறவனிடம் 1741, அதிகாரியிடம் அலங்காரத் தட்டு. ஒரே பொருளுக்கு இரண்டு வயது.

வாங்கினால் பில்லில் வயதையும் ஊரையும் முழுத் தொகையையும் எழுதச் சொல்லுங்கள். அரிட்டா, 17ஆம் நூற்றாண்டு என்று எழுதக் கை தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பண்டமாற்றாக உங்கள் பொருளைக் கேட்கிறவரிடம், அதை மட்டும் தனியாக விற்றால் என்ன விலை என்று இன்னும் இரண்டு கடையில் கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் கேட்கவில்லை.

பரணியையாவது திருப்பித் தாருங்கள், 6,000க்குப் பதில் 15,000 தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு தங்கும் விடுதிக்காரர் எடுத்துப் போய்விட்டார், எந்த ஊர் என்று நினைவில்லை என்றார். அடுத்த வாரமே கொச்சியின் மட்டாஞ்சேரி வரை போய்க் கடை கடையாகப் பார்த்தேன். பரதேசி யூத ஆலயத்தின் தரையில் பதித்த சீனத்துக் கான்டன் ஓடுகளைப் பார்க்க வந்தவர்கள் அந்தத் தெருவெங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாசலோரப் பரணிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது இல்லை.

தட்டு இப்போது அடுக்களையில் இருக்கிறது. அம்மா அதில் வற்றல் காயவைக்கிறார்.

அடையாளம் எழுதுகிறேன். விடுதி வரவேற்பறையிலோ தோட்டத்திலோ செடி வைத்துக்கூட இருக்கலாம். கருந்தவிட்டு மெருகு, நான்கு காது, அதில் ஒன்று முனை உடைந்தது. சாய்த்துப் பார்த்தால் அடிமண்ணில் தாரால் எழுதிய ‘ப’ என்ற எழுத்து. என் தாத்தா எழுதியது, கால் கொஞ்சம் வலப்பக்கம் நீண்டிருக்கும். கண்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.