ரோட்டரி எஞ்சின் விமானத்துக்கு எந்த ஆக்சிஜன் சென்சார்? ஓசூர் பட்டறையில் மாட்டிப் பார்த்த கதை

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெரியப்பா மகன், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்து மேசைமேல் வைத்தது எஞ்சின் புகையில் இருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கும் இரண்டு சென்சார்கள், நேரோபேண்ட் ஒன்று, வைட்பேண்ட் ஒன்று. அப்புறம் சைலன்சர் வெப்பம் பார்க்கும் கம்பிகள் இரண்டு. அண்ணன் டெக்சாஸில் இருக்கிறார். வீட்டுக் கராஜில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சின் மாஸ்டா 13பி, பழைய ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றியது. பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி வகை. "டேய் தம்பி, தினமும் பெட்ரோல்-காற்று மிக்ஸர் செட் பண்றவன் நீ. இதுல எதை நம்பி நான் மேல போறது, சொல்லு" என்றார்.

ஓசூரில் எனக்கு சின்ன எஞ்சின் பட்டறை. பக்கத்து பெலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருந்தும் விமான எஞ்சினில் நான் கை வைத்ததே இல்லை. ஆனால் யமஹா ஆர்எக்ஸ்100 டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் கை கறுத்தவன். அது எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தை லாம்டா 1 என்கிறோம். அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். மேலே போனால் காற்று அதிகம், லீன். ஓடுதளத்தில் முழு வேகத்தில் கிளம்பும்போது ரோட்டரிக்கு 0.85 பக்கம் வேண்டும். மேலே போய் நிதானமாகப் பறக்கும்போது 1-ஐத் தாண்டி லீனாகவும் ஓட்டலாம். இந்த எஞ்சினில் கருகிப்போக எக்ஸாஸ்ட் வால்வே கிடையாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் முழுச் சுமையில் லீனாகி நாக்கிங் வந்தால், அதாவது கலவை தாறுமாறாக வெடித்தால், ரோட்டரின் மூன்று முனையிலும் கசியாமல் அடைத்திருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும். சாலையில் என்றால் ஓரம் கட்டலாம். இங்கே ஓரம் கிடையாது.

நேரோபேண்ட் சென்சார் 1976-இல் வால்வோ காரில் முதன்முதலாக வந்தது, பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பு. சிர்க்கோனியா பீங்கான் ஒரு பக்கம் புகையையும் மறு பக்கம் வெளிக்காற்றையும் பார்க்கும். இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். ரிச்சாக இருந்தால் 0.8, 0.9 வோல்ட். லீனானால் 0.1. லாம்டா 1-ஐத் தாண்டும் இடத்தில் 0.45 வோல்ட்டை ஒட்டி மளமளவென்று சரியும். அந்தச் சரிவில் அதன் துல்லியத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் விமானத்துக்கு உயிர்நாடியான 0.85 பக்கம் அதன் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. 0.80-க்கும் 0.90-க்கும் நடுவே மின்னழுத்தம் கொஞ்சம்தான் மாறும், அந்தக் கொஞ்சமும் சென்சாரின் சூட்டைப் பொறுத்து ஆடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வேலை செய்தோம். என் கார்புரேட்டர் வண்டி ஒன்றின் சைலன்சரில் இரண்டு சென்சாரையும் மாட்டி, தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக ஓசூர் வரை ஓட்டி வந்தோம். தர்மபுரி கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. மேலே ஏற ஏறக் காற்று மெலியும், கார்புரேட்டருக்கு அது தெரியாது, மிக்ஸர் தானாக ரிச்சாகும். தர்மபுரியில் சமதளத்தில் ஃபுல் த்ராட்டில் பிடித்தபோது வைட்பேண்ட் 0.88 காட்டியது, ஓசூரில் அதே கியரில் 0.86. நேரோபேண்டின் மீட்டரோ இரண்டு ஊரிலும் ஒரே கோட்டில் நின்றது. நானூறு மீட்டருக்கே இப்படி. பத்தாயிரம் அடிக்குப் போனால் காற்றின் அடர்த்தி கால் பங்குக்கு மேல் குறையும். அண்ணனின் 13பி-யில் கம்ப்யூட்டர் மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது உள்ளே காற்று போகும் குழாயின் அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலை அளந்து விடுவதால் இவ்வளவு ஆட்டம் இருக்காது. ஆனால் எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணையைச் சரியாக நிரப்பவே முதலில் ஒரு நல்ல கண் வேண்டுமே.

அந்தக் கண் வைட்பேண்ட்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதற்குள்ளும் நேரோபேண்ட் மாதிரி ஒரு அறை உண்டு. கூடவே ஆக்சிஜனை உள்ளேயும் வெளியேயும் தள்ளும் இன்னொரு அறை. முதல் அறையை எப்போதும் 0.45 வோல்ட்டிலேயே பிடித்து வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்து லாம்டாவைக் கணக்கிடுகிறார்கள். ரிச், லீன் இரண்டு பக்கமும் எண்ணாகவே கிடைக்கும். பாஷின் எல்எஸ்யூ 4.2, 4.9 என்று இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. எடுத்தால் 4.9-ஐ எடுங்கள். 4.2 ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைத் தன் வயர் வழியாகவே இழுக்கும். எஞ்சின் மூடிக்குள் எண்ணெய்ப் புகை சூழ்ந்தால் கணக்கு பிசகும். 4.9 தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே புகையிலிருந்து பம்ப் செய்து வைத்துக்கொள்கிறது.

எண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. பல மீட்டர்கள் லாம்டாவை 14.7-ஆல் பெருக்கி விகிதமாகக் காட்டும். இங்கே பங்க்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு உண்மையான விகிதம் 13.5 பக்கம். அமெரிக்காவில் 10 சதவீதக் கலப்பு, அதற்கு 14.1 பக்கம். மீட்டரை லாம்டாவுக்கு மாற்றி வைத்துவிட்டால் எந்த ஊர் பெட்ரோலுக்கும் குழப்பமில்லை.

ஆர்எக்ஸ்100 இங்கேதான் உதவியது. அந்த வண்டியிலும் எண்ணெய் பம்ப் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். 13பி-யும் ஏபெக்ஸ் சீல் வழுக்க அதே வேலையைச் செய்கிறது. பலர் பம்பைக் கழற்றிவிட்டு டூ-ஸ்ட்ரோக் ஆயிலை டேங்க்கிலேயே கலந்துவிடுகிறார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோலும் சும்மா கிடக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தே சைலன்சருக்கு வரும். சென்சாரின் மேற்பரப்பால் அவ்வளவையும் எரித்துக் கணக்கு நேர் செய்ய முடியாது. அதனால் இருப்பதைவிட லீனாகக் காட்டும். என் ஆர்எக்ஸ்100-இல் பிளக் காபித்தூள் நிறத்தில் அருமையாக இருக்க, மீட்டர் மட்டும் லீன் லீன் என்று கத்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரோட்டரியும் ஐடிலிங்கிலும், த்ராட்டிலை மூடி இறங்கும்போதும் இதே மாதிரிதான். ஒன்றிரண்டு தடவை எரியாமல் விட்டால் அந்த ஆக்சிஜன் முழுக்க வெளியே வந்து லீன் என்று தெரியும். அதை நம்பி பெட்ரோலைக் கூட்டினால் இன்னும் மோசமாக மிஸ் ஆகும். சைலன்சர் இணைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் இதே பொய். அண்ணன் அனுப்பியிருந்த பழைய பதிவுகளில் ஐடிலிங் பகுதியை நான் அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

அப்புறம் சென்சாரைக் கொல்லும் விஷயங்கள். ஈயம்தான் முதல் எதிரி. இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000 பிப்ரவரி 1-லேயே போய்விட்டது. விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலில் இன்றும் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் வரை ஈயம் இருக்கலாம். அதில் ஓட்டினால் வைட்பேண்ட் சீக்கிரமே மந்தமாகி, அப்புறம் பொய் சொல்லத் தொடங்கும். நேரோபேண்ட் எளிய பிறவி, கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ரோட்டரிக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது, அது சாதாரண கார் பெட்ரோலிலேயே சந்தோஷமாக ஓடும். இரண்டாவது எதிரி இணைப்புகளை அடைக்கப் பூசும் சிலிக்கோன் பேஸ்ட். டப்பாவில் 'சென்சாருக்குப் பாதுகாப்பானது' என்று போட்டிருந்தால் மட்டும் பூசுங்கள். மூன்றாவது சூடு. ரோட்டரியின் புகை பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடானது, அது வெளியேறும் போர்ட் வாசலில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 4.9-க்குத் தொடர்ந்து தாங்கும் எல்லை 930 டிகிரி. ஆகவே போர்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளி, தண்ணீர் தேங்காதபடி தலையை மேல்பக்கம் சாய்த்து மாட்ட வேண்டும்.

மூன்றாவது ஆள் பெட்டியில் வந்த அந்த வெப்பமானிக் கம்பி. கே-டைப் என்ற வகை, ரோட்டருக்கு ஒன்று. லாம்டா எவ்வளவு என்று இது சொல்லாது. உச்ச வெப்பத்துக்கு ரிச் பக்கமும் லீன் பக்கமும் ஒரே டிகிரி வரும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை பெட்ரோலைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இவ்வளவு குறை இருந்தும் அண்ணன் விமானத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது இதுதான் என்றேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன்.

இரண்டு ரோட்டரின் புகையும் சேரும் இடத்தில் ஒரே வைட்பேண்ட். இரண்டும் 0.85-இல் ஓடுகின்றன. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்றில் தூசி அடைத்து, அந்த ரோட்டர் மட்டும் 1.05-க்குப் போகிறது. மீட்டர் இரண்டையும் கலந்து 0.94 காட்டும். பைலட் என்ன செய்வார்? கொஞ்சம் லீன் என்று நினைத்து, 0.85 வரும்வரை பெட்ரோலைக் கூட்டுவார். இப்போது மீட்டர் அழகாக இருக்கிறது. உள்ளே ஒரு ரோட்டர் 0.77-இல் புகைந்துகொண்டிருக்க, அடைத்த ரோட்டர் 0.95-இல் முழுச் சுமையை இழுக்கிறது. வெப்பமானி இரண்டு இருந்தால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவது அந்த நிமிடமே தெரிந்துவிடும். ரோட்டருக்கு இரண்டு பிளக் உண்டு, அதில் முன்னால் சுடும் பிளக் செத்தால் தீ தாமதமாகப் பரவி வெப்பமானி குதிக்கும். அதையும் மீட்டர் தெளிவாகச் சொல்லாது. காகிதத்தை மடித்து அண்ணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டரே பெட்ரோலைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதே, பறக்கும்போது அதை விட்டுவிடலாமா? நான் கூடாது என்றேன், இப்போதும் அதே கருத்துதான். ஈயம் தின்ற சென்சாரின் பேச்சைக் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் வானத்தில் பெட்ரோலைக் குறைப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. தரையில், விமானத்தைக் கயிற்றால் கட்டிவைத்து அட்டவணையை நிரப்பும்போது வைட்பேண்ட். முதல் சில பயணங்களிலும் அதை மாட்டிப் பதிவு மட்டும் எடுக்கலாம், திருத்தம் இறங்கிய பிறகு. அதற்கப்புறம் நிரந்தரமாக நேரோபேண்ட் ஒன்று, வெப்பமானி இரண்டு, கையில் மிக்ஸர் குமிழ். நேரோபேண்ட் பிறந்ததே லாம்டா 1-இன் வாசலைக் காட்டத்தான். நிதானப் பறப்பில் அந்த வாசல் தெரிந்தால் போதும், அங்கிருந்து வெப்பமானியைப் பார்த்தபடி குமிழைத் திருகி லீன் பக்கம் இறங்கிக்கொள்ளலாம்.

வைட்பேண்டை மாட்டியபடியே மின்சாரம் கொடுக்காமல் எஞ்சினை ஓட்டக்கூடாது. உள் ஹீட்டர் சூடாக்காத சென்சாரில் கரியும் ஆயிலும் படிந்து இரண்டே நாளில் வீணாகும். வேண்டாதபோது கழற்றி ஓட்டையை அடைக்க வேண்டும். அண்ணன் கிளம்பும் முந்தின இரவு, 18 மில்லி, 1.5 பிட்ச் மரை போட்டு எவர்சில்வரில் ஒரு அடைப்புத் திருகை லேத்தில் கடைந்து கொடுத்தேன். சென்சாரைச் சுற்றியிருந்த துணிக்குள் அதையும் வைத்துப் பெட்டியை மூடினார்.